உப்புத் தண்ணீர் ஊசி

மார்ச் 2

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். சுகமில்லாதவன் நான் ஒருவன்தான், அதுவும் உடம்பால் இல்லை. போனில் பேசினால் நீ டாக்டராகிவிடுகிறாய், நான் கத்த ஆரம்பித்துவிடுகிறேன், உன் அண்ணி போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம். காகிதம் குறுக்கே பேசாது.

என் மகள், அதான் உன் மருமகள், ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு தன் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை, நுரையீரல் இன்னும் தேறவில்லையாம். கக்குவான் இருமல் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் மட்டும்தான் பக்கத்தில் வரலாம் என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உன் அண்ணி மறுநாளே போட்டுக்கொண்டாள். சம்பந்திகளும் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே. ஞாயிற்றுக்கிழமை என் மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேரனைத் தூக்கிக் காட்டினாள். போர்வைதான் தெரிந்தது. "ஒரே ஒரு ஊசிப்பா" என்றாள். எனக்கு ஊசி ஆகாது என்பது அவளுக்குத் தெரியாதா?

அப்பா ஊசியில் போனவர். நீ அப்போது கைக்குழந்தை, நான் அவர் பக்கத்தில் நின்றேன். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்க வைத்துத் தடுப்பூசி போட்டபோது எனக்கும் தொண்டை அடைத்தது, கண் இருட்டியது, விழுந்தேன். அன்றிலிருந்து ஊசிப் பக்கம் போனதில்லை. அப்பா உடம்பு எனக்கு. இதை நீயே அவளுக்கு எழுதிவிடு. அலர்ஜி டாக்டர் சொன்னால் மறுபேச்சு இருக்காது.

மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நேற்று ஒரு லிஃப்டின் மோட்டார் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, எதற்குத் திறந்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷ மெக்கானிக் வேலையில் இப்படி ஆனதில்லை.

அண்ணன்


மார்ச் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் கேட்டபடி எழுத மாட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், பிறகு மேலே படியுங்கள்.

அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது காலில் சீழ் வைத்ததற்குப் போட்ட பென்சிலின். உங்கள் பேரனுக்காகப் போடச் சொல்கிற ஊசியில் அது இல்லை. அந்த அலர்ஜி, மூக்கும் நடையும் வருகிற மாதிரி அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்துவிடுவதும் இல்லை. பள்ளிக்கூட வரிசையில் விழுந்த பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். தடுப்பூசி ஆகாது என்று வாரம் தவறாமல் என்னிடம் வருகிறார்கள். நாலு நாள் முன்னால் வந்த ஒரு தையற்காரம்மா, இனிமேல் திரும்ப மாட்டோம் என்று நினைத்து, சொல்லிக்கொள்ள வேண்டியவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். ஊசி போட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டு, வீட்டுக்குப் போனார். அநேகம் பேர் அப்படித்தான் போகிறார்கள்.

அதற்காக உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமல் இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சொந்த அண்ணனுக்கு நான் பார்க்கக்கூடாது. என்னோடு படித்தவள் உங்கள் ஊரிலேயே இருக்கிறாள், அவளிடம் போங்கள். முதலில் தோலில் ஒரு துளி வைத்துக் குத்திப் பார்ப்பாள். பிறகு கொஞ்சம் ஊசி, பொறுத்திருந்து மீதி. ஏதாவது ஆனால் கொடுக்க வேண்டிய மருந்து பக்கத்திலேயே இருக்கும்.

ஒன்றே ஒன்று. போவதற்கு முன் ஒரு வாரம் அரிப்பு மாத்திரை, தும்மல் மாத்திரை எதுவும் கூடாது. போட்டால் சோதனை கெட்டுவிடும். அண்ணியிடமும் சொல்லிவிடுங்கள்.

அவன் உங்கள் மடியில் கிடப்பதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.

தங்கை


மார்ச் 18

அன்புத் தங்கைக்கு,

போனேன். அவமானப்பட்டுத் திரும்பினேன்.

கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்தினார்கள். அதில் ஒன்று யாருக்கு வைத்தாலும் கொசு கடித்த மாதிரி தடிக்குமாம், சோதனை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக. எனக்கு அதுவும் தடிக்கவில்லை. சொட்டு வைத்த பெண் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "மாத்திரை எதுவும் போட்டீங்களா சார்?" என்றாள். இல்லை என்றேன். உன் அண்ணி சும்மா இருப்பாளா? "காலைல ரெண்டு போட்டாரு" என்று பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தாள்.

நீ எழுதியது மறக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார். ஒரே வடத்தில் தொங்குகிற லிஃப்டில் நான் யாரையும் ஏற்றியதில்லை. ஒன்று அறுந்தால் இன்னொன்று தாங்க வேண்டும். சோதனையில் ஏதாவது ஆகிவிட்டால் தாங்கட்டும் என்றுதான் மாத்திரை. உன் சிநேகிதி திட்டவில்லை. சிரித்தாள், அதுதான் தாங்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள்.

பேரன் எடை கூடியிருக்கிறானாம். எனக்குச் செய்தியாகத்தான் வளர்கிறான்.

அண்ணன்


மார்ச் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வெளிநோயாளிகள் வரிசை காத்திருக்க உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அண்ணியை நம்பி ஒரு வேலை சொல்கிறேன்: மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். எனக்கும் இங்கே இருப்புக்கொள்ளவில்லை. மறுபடி போங்கள்.

தங்கை


மார்ச் 30

தங்கைக்கு,

ஒரு கேள்வி கேட்கத்தான் எழுதுகிறேன்.

தோல் சோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு தோளில் முதல் ஊசி. கொஞ்ச நேரத்தில் தொண்டை அடைத்தது. பள்ளிக்கூடத்தில் அடைத்த அதே அடைப்பு. கழுத்து சூடேறியது, வியர்த்துக் கொட்டியது. பயந்துவிட்டேன், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. உன் சிநேகிதி நாடி பிடித்தாள், பிரஷர் பார்த்தாள், விரலில் கருவி மாட்டினாள், தொண்டைக்குள் விளக்கடித்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "இப்ப நான் போட்டது மருந்து இல்லைங்க. உப்புத் தண்ணி."

சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மீதி ஊசியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

லிஃப்டில் ஆளை ஏற்றும் முன் நாங்களும் சோதிப்போம், எடைக்கல்லை ஏற்றி. வெறும் பெட்டியை மேலே அனுப்பி யாரையும் முட்டாளாக்க மாட்டோம். வெறும் தண்ணீருக்குத் துடித்தவன் என்று அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி இதுதான். அப்படிச் செய்யச் சொன்னது நீயா?

அண்ணன்


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான்தான்.

உங்களைத் தெரிந்ததால் சொன்னேன். சில ஊசிகளில் மருந்து இருக்கும், சிலதில் இருக்காது, எது எதில் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டேன், சம்மதமா என்று அவள் ஆரம்பத்திலேயே உங்களைக் கேட்டிருக்கிறாள். நீங்கள் தட்டிலிருந்த ஊசியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறீர்கள்.

நீங்கள் நடித்ததாக யாரும் நினைக்கவில்லை. தொண்டை அடைத்தது நிஜம், வியர்த்தது நிஜம். அதைச் செய்தது மருந்து இல்லை, பயம். ஒன்பது வயதில் நீங்கள் பார்த்ததைப் பார்த்த யாருக்கும் அப்படித்தான் இருக்கும். மருந்தைப் போட்டு இதே மாதிரி அடைத்திருந்தால் ஆயுசுக்கும் அலர்ஜி என்றே எழுதி வைத்திருப்போம். பேரனுக்கும் உங்களுக்கும் நடுவில் அந்தக் கண்ணாடி அப்படியே நின்றிருக்கும். அது கூடாது என்றுதான் சொன்னேன். நான் உங்களிடமும் ஒரு வார்த்தை நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திட்டியாவது எழுதுங்கள்.

தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன் செய்தால் குளிக்கிறார் என்கிறார் அண்ணி. ஒரு மனிதர் இவ்வளவு நேரம் குளிக்க முடியாது. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்கும் அறைக்குமாக நடக்கிறேன். நீங்கள் ஊசி போட்டுக்கொள்ளாவிட்டாலும் போகட்டும். என்னோடு பேசாமல் இருக்காதீர்கள், என்னால் முடியவில்லை.

தங்கை


மே 4

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

ஊசி போட்டுக்கொண்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசி வரிக்குத் தாவிவிடுவாய்.

உன்மேல் கோபம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து யோசிக்கிற ஆள் நான் இல்லை, நடந்து நடந்துதான் புரிந்தது. அப்பாவிடமிருந்து எனக்கென்று வந்தது என்ன சொல், பார்க்கலாம். இந்த ஊசி ஆகாத உடம்பு ஒன்றுதான். அது பயம்தான், ஆனால் என் அப்பாவுடையது. உப்புத் தண்ணீர் என்று உன் சிநேகிதி சொன்னதும், இத்தனை வருஷம் கையில் வைத்திருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் உனக்கு எழுதவில்லை. குளிக்கவும் இல்லை.

நாலைந்து நாள் முன் உன் அண்ணிக்கும் சொல்லாமல் தனியாகப் போனேன். "இன்னைக்கு மருந்தையே போடுங்க. இது மருந்துதான்னு சொல்லிட்டுப் போடுங்க" என்றேன். கொஞ்சம் போட்டாள். தொண்டை அடைத்தது. இம்மி மாறாமல் அதே அடைப்பு. நாடி, பிரஷர், தொண்டை, எல்லாம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. "மீதிய இன்னொரு நாள் வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள். சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டு அப்படியே இருந்தேன். போட்டுவிட்டாள்.

அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். நான் எங்கே உட்கார்ந்தேன், அந்த வராந்தாவை நடந்தே தேய்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டை விட்டது.

உடனே தூக்கலாம் என்று போனால் உன் மருமகள் விடவில்லை. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகுமாம், அதுவரை ஜன்னல்தானாம். தினமும் வேலை முடிந்து போய் நிற்கிறேன். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்று திட்டுகிறாள், ஆனால் திரையை மட்டும் மூடுவதில்லை.

அப்பா போன மாதிரி நான் போக மாட்டேன் என்பது நிச்சயமாகிவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு அழுகையாக வருகிறது. உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

உன்னை அவர் எப்படித் தூக்குவார் என்று நேற்று ஜன்னலில் நிற்கும்போது ஞாபகம் வந்தது. நெஞ்சோடு சாய்த்துக்கொள்ள மாட்டார். முன்கை நீளத்துக்கு உன்னைக் குப்புறப் போட்டுக்கொண்டு, தலையை உள்ளங்கையில் தாங்கி, வீடு முழுக்க நடப்பார். நீ தூங்கிவிடுவாய். அது உனக்குத் தெரிய வழியில்லை, நான் இதுவரை சொன்னதும் இல்லை. லீவு போட்டுவிட்டு வா. பேரனை அப்படியே தூக்கி நடந்து காட்டுகிறேன், நீ பார்க்க வேண்டும்.

அண்ணன்