வேலிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை

இன்று காலை உம்முடைய அவர் வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, ஒரு கடைப் பையை என் கையில் தந்துவிட்டுப் போனார். பைக்குள் அந்த மஞ்சள் மேலங்கி மடித்து வைக்கப்பட்டிருந்தது. வீடு வீடாகப் போகும்போது குளிர்ச்சட்டைக்கு மேலால் நீர் போட்டுக்கொண்டு திரிந்த, மங்கலிலும் மினுங்குகிற அதே மேலங்கி. முகர்ந்து பார்த்தேன். முழங்காலுக்கு நீர் பூசும் தைலத்தின் மணம் இன்னும் போகவில்லை. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே போனால் குட்மேய்ஸ் பகுதியில் நீர் அன்றன்று எந்தெந்த வீட்டுக்குப் போனீர் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று உம்மை எத்தனை தரம் பகிடி பண்ணியிருக்கிறேன். இன்றைக்கு மாடிப்படியிலேயே குந்தியிருந்து அழுதேன். அழுது முடிய உம்மில் கோபம் வந்தது. நேற்றுக் கூட்டத்தில் நான் செய்தது சரியா பிழையா என்று கேட்க ஆள் இல்லாமல் போனால் கோபம் வராமல் என்ன செய்யும்?

நீர் இந்த வேலையில் எப்படிப் போய் விழுந்தீர் என்பதே எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. உமக்குச் சுகர் கூடிவிட்டது, நாள்தோறும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அதே வியாதி, அதே டாக்டர், அதே புத்திமதி. பின்னேரங்களில் இருவரும் பார்க்கைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். ஊர்க்கதை முடிந்தாலும் சுற்று முடியாது. ஒருநாள் நடுவழியில் நின்றுவிட்டீர்.

"வட்டமாய் நடந்து நாங்கள் எங்கை போய்ச் சேரப்போறம்? ஒரு இடத்துக்குப் போறமாதிரி நடக்கவேணும்," என்றீர்.

நான் அதை ஏதோ தத்துவம் என்று நினைத்து, நாலு நாள் யோசித்துக்கொண்டு திரிந்தேன். நீர் ரயில் நிலையத்தைச் சொல்லியிருக்கிறீர்.

எங்கள் வீட்டு வரிசையின் பின்வேலிகளுக்கும் அந்தச் சின்ன ஓடைக்கும் நடுவில் ஒடுங்கலாக ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. ஒரு முனையில் பார்க், மறு முனையில் ஸ்டேஷன். இரண்டு முனையிலும் கவுன்சில் பூட்டிவைத்த இரும்புக் கேற். உள்ளே முட்பற்றையும் யாரோ கொண்டுவந்து எறிந்த மெத்தைகளும். அதைத் துப்புரவாக்கி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் பாதையாகத் திறந்துவிட வேண்டும் என்று அடுத்த தெரு ஜில் ஒரு குழு வைத்திருந்தார். ஓய்வுபெற்ற தாதி, மழையிலும் குடை பிடிக்காத மனுஷி. பெரிய றோட்டில் லொறிகளுக்குப் பக்கத்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல் தொடங்கியதாம். எங்கள் தமிழ் ஆட்களில் அந்தக் குழுவில் போய்ச் சேர்ந்தது நீர் ஒருவர்தான். கவுன்சில் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்: வேலிக்காரர் சம்மதிக்க வேண்டும். வேலிக்காரரில் பாதிக்கு மேல் நாங்கள்.

மேலங்கியோடு முதல் நாள் நீர் தெருவில் இறங்கியபோது பல வீடுகளில் கதவே திறக்கவில்லை. ரீவிக்கு லைசென்ஸ் கட்டியிருக்கோ என்று பார்க்க வந்த ஆள் என்று நினைத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார்கள். நானும் நின்றேன். திறந்த வீடுகளில் வேறு கூத்து. ஜில் நடைபாதையை "ட்ரெயில், ட்ரெயில்" என்று விளக்க விளக்க, மூலைவீட்டு மாமி அதை ரயில் என்று எடுத்துக்கொண்டு, "உந்தக் கோச்சி எங்கடை வேலிக்குப் பின்னாலையோ ஓடப்போகுது?" என்று நெஞ்சில் கையை வைத்துவிட்டார். ரயில் வந்தால் வீட்டு விலை கூடுமா குறையுமா என்று அவருடைய மருமகன் வேறு ஜில்லிடம் விசாரித்தாராம். அன்றோடு நீர் அந்த ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டு ஒழுங்கை என்று சொல்லத் தொடங்கினீர். இரண்டு வேலிக்கு நடுவால் போகிற சின்னத் தெருவுக்கு எங்களிடம் வேறென்ன பெயர் இருக்கிறது? சொல் என்னவோ பொருத்தம்தான். ஆனால் ஒழுங்கை என்றதும் எங்கள் சனத்துக்குக் கூடவே வேலிச் சண்டையும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எல்லா வீட்டிலும் தேத்தண்ணி தந்தார்கள். எல்லோரும் "ஓம் ஓம், நல்ல விசயம்" என்றார்கள். ஜில்லுக்குக் கால் நிலத்தில் படவில்லை. கூட்டத்தன்று பள்ளிக்கூட மண்டபம் நிறைய எங்கள் ஆட்கள். கையை உயர்த்தச் சொன்னபோது, ஓம் ஓம் என்றவர்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்ற பக்கத்துக்கு உயர்த்தினார்கள். ஜில் திரும்பி உம்மைப் பார்த்தார். நீர் நிலத்தைப் பார்த்தீர். நான் எந்தப் பக்கத்துக்கும் உயர்த்தவில்லை. எனக்கு உம்முடைய சிநேகமும் வேண்டும், இரவில் நித்திரையும் வேண்டும்.

வீட்டுக்கு நடக்கும்போது நீராகவே சொன்னீர்: "ஓம் எண்டா ஓம். ஓம் ஓம் எண்டா பாப்பம். ஓமோமோம் எண்டா போயிட்டு வாங்கோ."

அப்படியென்றால் இது உமக்கு முதலே தெரிந்திருக்கிறதே, ஜில்லிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அவ அன்றைக்கே விட்டுவிட்டுப் போயிருப்பா என்றீர். அது ஜில்லில் வைத்த அன்பா, சூழ்ச்சியா என்று நான் அப்போதே குழம்பினேன். உம்மோடு பழகுவது என்றால் இப்படித்தான். ஒன்று விளங்குகிற நேரத்தில் இன்னொன்று விளங்காமல் போகும்.

எங்கள் ஆட்களைக் குறை சொல்லவும் முடியாது. மூலைவீட்டு மாமி வீட்டில் பின்பக்கத்தால் கள்ளன் புகுந்து, தாலிக்கொடியோடு எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துக்கொண்டு போனதன் பிறகு, பின்வேலிப் பக்கம் சின்னச் சத்தம் கேட்டாலும் எங்கள் தெருவில் எல்லோரும் எழும்பி லைட் போடுவார்கள். தமிழ் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது கள்ளனுக்கும் தெரிந்த சங்கதி. அந்த வேலிக்குப் பின்னால் ஊரார் போய் வரப் பாதை என்றால் யார் சம்மதிப்பார்கள்? சைக்கிளுக்கும் எங்களிடம் மரியாதை இல்லை. ஊரில் சண்டைக்குள் பெற்றோல் இல்லாத காலத்தில் சைக்கிளில் ஓடின ஓட்டம் போதும், இங்கே வந்தது கார் ஓட என்று உம்முடைய அவரே எல்லோருக்கும் முன்னால் சொன்னார். நீர் மட்டும் விடவில்லை.

"ஆள் நடமாட்டம் இல்லாத இடத்திலைதான் கள்ளன் வருவான். மாமீன்ரை வீட்டுக்கு வரேக்கை உங்கை ஒழுங்கை இருந்ததோ?"

இதற்கும் எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். ஒருவரும் மாறவில்லை.

பிறகு நீர் சம்மதம் கேட்பதையே நிறுத்திவிட்டீர். துப்புரவு வேலை என்று கவுன்சிலிடம் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை கேற்றைத் திறப்பித்தீர். றோல்ஸும் தேத்தண்ணியும் இருக்கு, வந்து உங்கடை வேலியைப் பின்னாலை நிண்டு பாருங்கோ என்று மட்டும் எல்லோருக்கும் சொல்லி அனுப்பினீர். தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு கிறிஸ்தவக் குடும்பங்களும் வந்தன, கோயில்காரரும் வந்தார்கள். றோல்ஸுக்கு வந்தார்களோ வேலிக்கு வந்தார்களோ தெரியாது. இத்தனை வருடம் குடியிருந்தும் எங்களில் ஒருவரும் தங்கள் வீட்டின் பின்பக்கத்தை வெளியில் நின்று பார்த்ததில்லை. கொடியில் காய்ந்த உடுப்பை வைத்துத்தான் மாமி தன் வீட்டைக் கண்டுபிடித்தார். ஓடைக்குள் ஒரு சாம்பல் நிறக் கொக்கு நின்றது. மாமி கையில் றோல்ஸோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். முட்பற்றையை வெட்ட வந்தவர்கள் வெட்டாமல் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குத்தான் எனக்கும் அந்தப் பாதையில் ஒரு ஆசை பிறந்தது.

அந்த ஆசையோடு நடந்துவரும்போதுதான் உம்முடைய வேலியைக் கண்டேன். வரிசையில் எல்லோருடையதை விடவும் உயரம். புதுப் பலகை, விரல் நுழைய இடமில்லாமல் அடித்து, அதற்கு மேலும் சட்டம் போட்டிருந்தது. முந்தின கிழமை உம்முடைய வளவுக்குள் கேட்ட சுத்தியல் சத்தம் இதுதானா? ஒருத்தரும் வேலியை நினைச்சுப் பயப்படாதேங்கோ என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்த ஆள், இரகசியமாகத் தன் வேலியை உயர்த்தினால் நான் எதை நம்புவது? அந்த இடத்திலேயே கேட்டேன்.

"அது வேறை கதை. பிறகு சொல்லுறன். ஆறமுதல் சாப்பிடும்," என்று ஒரு றோல்ஸை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்.

பிறகு என்று ஒன்று வரவில்லை. குளிர் தொடங்கிய நேரம், கடைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த உம்முடைய இதயம் நின்றுவிட்டது. செத்தவீட்டில் எல்லோரும் உம்மைப் பற்றி நல்ல நல்லதாகச் சொன்னார்கள். எனக்கு மட்டும் அந்த வேலிதான் கண்ணுக்குள் நின்றது. இதை யாரிடம் சொல்வது?

கவுன்சில் கடைசித் தடவையாகக் கூட்டம் வைக்கப் போகிறது என்று அறிவித்ததும் ஜில் என் வீட்டுக்கு வந்தார். உம்முடைய பெயரில் நான் எழும்பிப் பேச வேண்டும், உம்முடைய கனவு அது, நான் சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்பார்கள் என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அவர் குடித்த கோப்பையைக் கழுவி வைக்கமுதல் மூலைவீட்டு மாமி வந்தார். அதே கதிரையில் இருந்தார்.

"அவ வேலியை உயர்த்தினதை நீங்களும் பாத்தனீங்கள்தானே, பிள்ளை? வாய் ஒண்டு சொல்லும். மனசிலை இருந்ததை வேலி சொல்லுது. கூட்டத்திலை அதைச் சொல்லுங்கோ," என்றார்.

ஜில்லுக்கும் ஓம் ஓம் என்றேன். மாமிக்கும் ஓம் ஓம் என்றேன். வேறென்ன செய்ய?

கடைசியில் உம்முடைய அவரைத்தான் போய்க் கேட்டேன். ஒருவேளை அவர் தன் பயத்தில் செய்த வேலையாக இருக்கும் என்று ஒரு நப்பாசை. அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். நீர்தான் ஆள் பிடித்து அடிப்பித்தீராம். ஏன் என்று கேட்டதற்கு "இருக்கட்டும்" என்றீராம். பிறகு என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வேலியின் நடுவில் ஒரு படலை. வெளியில் நின்று பார்த்தால் பலகைக்குப் பலகை ஒரே மாதிரி, கதவு இருப்பதே தெரியாது. உள்ளே நின்று பார்த்தால் பிணைச்சல் தெரிகிறது. மேலும் கீழும் தடித்த தாழ்ப்பாள். அவர் அதை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. எனக்கும் திறக்கக் கை வரவில்லை.

ஒழுங்கை வந்தால் முதல் ஆளாக இறங்கி நடக்கலாம் என்று வைத்த படலையா அது? அல்லது ஒழுங்கை வரத்தான் போகிறது, வருகிறவனுக்குக் கதவு தெரியக்கூடாது என்று பயந்து செய்த வேலையா? இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். இரண்டிலும் நீர் தெரிந்தீர். ஒன்றைத் தெரிவு செய்யத்தான் என்னால் முடியவில்லை.

"உங்களிட்டைத்தானே அவ எல்லாம் சொல்லுறவ," என்று உம்முடைய அவர் என்னைக் கேட்டார். நான் உம்மைப் பற்றி அவரிடம் கேட்கப் போனேன். அவர் என்னிடம் கேட்கிறார். இருவரும் அந்தப் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நேற்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. கவுன்சிலில் இருந்து வந்த இளம்பெண் என் பெயரைக் கூப்பிட, ஜில் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மாமி பின்வரிசையில் காத்திருந்தார். மருந்துக்கடை வேலையில் இத்தனை வருடம் கதைத்த இங்கிலீஷ் அந்த நேரம் எங்கே போனதோ தெரியாது. நான் எங்கள் ஆட்களின் பக்கம் திரும்பி நின்றேன்.

"அவ என்ன நினைச்சவ எண்டு எனக்குத் தெரியாது. அவவின்ரை பேரிலை நான் ஒண்டும் சொல்லமாட்டன். எனக்கு உந்த ஒழுங்கை வேணும். எனக்குப் பயமும் இருக்கு. பயத்தோடைதான் கேக்கிறன்."

அவ்வளவுதான் சொன்னேன். மாமியின் மருமகன் எழும்பி அதை ஆங்கிலத்தில் சொல்ல, உம்முடைய பெயர் அதில் வராதது கண்டு ஜில்லின் முகம் வாடியது. பிறகு பின்வரிசையில் இருந்து மாமிதான், லைட் போடுவாங்களோ என்று கேட்டுச் சொல்லு என்று மருமகனை இடித்தார். இரவில் கேற்றைப் பூட்டுவார்களா என்று இன்னொருவர் கேட்டார். பற்றை திரும்ப வளர்ந்தால் யார் வெட்டுவது, சைக்கிள்காரர் மணி அடிப்பார்களா என்று ஒவ்வொன்றாக வந்தது. பயந்தவர்கள் எல்லோரும் பயத்தை வாயால் சொன்னார்கள். முதல் கூட்டத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, கையைத்தான் உயர்த்தினார்கள். நேற்றுக் கை உயர்த்தியபோது எங்கள் ஆட்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மாமி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் இல்லாமல் இருந்தார். ஆனாலும் மற்ற வேலிக்காரரின் கைகளோடு சேர்த்துப் பார்க்க, ஓம் என்ற பக்கம் போதுமாக இருந்தது. பாதை வரப் போகிறது.

ஜில் வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கு வென்ற மாதிரி இல்லை. இன்று பகல் முழுவதும் வீட்டுக்குள் நடந்துகொண்டே யோசித்தேன். இவ்வளவு காலச் சிநேகத்தில் நாங்கள் ஒன்றிலும் முரண்பட்டதில்லை. எந்தக் கடையில் மீன் வாங்குவது, எந்தச் சீலைக்கு எந்தச் சட்டை, யார் வீட்டு விசேஷத்துக்குப் போவது, யார் வீட்டுக்குப் போகாமல் விடுவது, எல்லாம் நீர் சொல்ல நான் தலையாட்டினேன். நேற்றைக்குத்தான் உம்மைக் கேளாமல் நானாக ஒன்று சொன்னேன். அதை உம்மோடு சேர்ந்து சொன்னேனா, உமக்கு எதிராகச் சொன்னேனா என்று எனக்குத் தெரியாது. நடக்கிற காலம் வரைக்கும் இந்தத் தெரியாமையையும் கொண்டுதான் நான் நடக்கப் போகிறேன். எதிராகச் சொல்லியிருந்தால், என்னோடு ஒரு சண்டை பிடிக்கவாவது நீர் இருந்திருக்கலாம்.