பிரபு வம்சத்து வழக்கு

1494, பிப்ரவரி 10

மழை. வழக்குக்காக வல்யதோலித் நகருக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். அண்ணன் ஃபோர்தூன் காலையிலேயே மேலங்கியைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு அரச உயர்நீதிமன்றத்துக்குக் கிளம்பிவிட்டான். நாங்கள் பிரபு வம்சம் என்று தீர்ப்பு வந்தால் வரி கிடையாது, தேவாலயத்தில் முன்வரிசை. எனக்குச் சாயக்கார ஆந்தோனும் கிடையாது.

"பிரபு வீட்டுப் பொண்ணு சாயத்தொட்டிக்காரனைக் கட்டுவாளா, மென்சியா?" என்கிறான்.

இன்னும் பிரபு வீட்டுப் பெண் ஆகவில்லையே என்றேன்.

"ஆயிடுவே."

பிப்ரவரி 19

இன்றும் விசாரணை இல்லை. நல்லது.

பிப்ரவரி 27

துணி விற்க வந்த ஆந்தோனைச் சந்தையில் பார்த்தேன். "தோத்தா உங்கண்ணன் இடிஞ்சு போயிருவாரு. ஜெயிச்சா நான் இடிஞ்சு போயிருவேன். நீ யாருக்காக மெழுகுவத்தி ஏத்துறே?" என்று கேட்டான். யாருக்கும் இல்லை என்றேன். பொய். இரண்டு ஏற்றினேன், ஆளுக்கொன்று.

மார்ச் 5

ஊரிலிருந்து சாட்சி வந்து இறங்கினார், பெரியவர் வெலாஸ்கோ. எங்கள் தாத்தாவைத் தெரிந்தவர்களில் இவர் ஒருவர்தான் மிச்சம். தாத்தா வரி கட்டாதவர் என்று ருசுவானால்தான் நாங்கள் பிரபு வம்சம். தவக்காலம், ஆகையால் கருவாட்டுக் குழம்பு. அண்ணன் வக்கீல் வீட்டுக்குப் போயிருந்தான். பெரியவர் சாப்பிட்டுக்கொண்டே, "உங்க தாத்தன் ஒரு தடவைகூட வரி கட்டினதில்ல, தாயி" என்றார்.

"பிரபு வம்சம்ங்கிறதாலயா?"

"தண்டல்காரன் வர்றப்பல்லாம் ரொட்டி அடுப்புக்குள்ள போய் உக்காந்துக்குவான். நான்தான் மூடியச் சாத்துவேன்."

பரிமாறிய கரண்டி பாதியில் நின்றுவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆந்தோன். சொன்னால்? அம்மா போனபின் தன் ரொட்டியைப் பிட்டு எனக்குக் கொடுத்து வளர்த்தவன் அண்ணன். எப்படிச் சொல்லாமல் இருப்பது?

அண்ணன் வந்ததும் சொல்லிவிட்டேன்.

"அடுப்புக்குள்ளயா?" என்று மட்டும் கேட்டான். பிறகு பெரியவரிடம் போய், "அதை மட்டும் விட்டுருங்க, ஐயா" என்று கெஞ்சினான்.

"கேக்காட்டி சொல்லமாட்டேன், ஃபோர்தூனு. கேட்டா? சிலுவை மேல கை வெச்சுட்டு எப்படிப்பா மறைக்கிறது?"

மார்ச் 6

கேட்டுவிட்டார்கள்.

சாட்சியைத் தனியாக உள்ளே வைத்து விசாரித்தார்கள். நாங்கள் வெளியே நின்றோம். மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. கொஞ்சம் பொறுத்துப் பல சிரிப்புகள். பெரியவர் மலர்ந்த முகத்தோடு வந்தார். "நீதிபதி ரொம்ப நல்ல மனுசன். அடுப்பு எத்தனை பெருசுன்னு அக்கறையா விசாரிச்சாரு."

அண்ணன் மேலங்கியைக் கழற்றிக் கக்கத்தில் சுருட்டிக்கொண்டான்.

ஜூன் 17

தீர்ப்பு வந்தது. தோற்றோம். நாங்கள் சாதாரணக் குடி, வரி கட்ட வேண்டும். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். விடுதிக்கார மரீனா அக்கா கொண்டைக்கடலையும் ஆட்டுக்கறியும் கொண்டுவந்து வைத்தாள், தொடவில்லை. நான் சந்தோஷப்பட வேண்டியவள்தானே? ஒன்றும் தோன்றவில்லை — அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19

மத்தியானம் எழுந்து உட்கார்ந்தான். "தாத்தா எவ்ளோ உசரம் இருப்பாரு?"

"உன்னளவுன்னு அம்மா சொல்லும்."

"என்னளவு ஆளு அதுக்குள்ள எப்படிடி மடங்கி..."

முடிக்கவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து ஓடிப்போய்ப் பிடித்தேன். சிரிக்கிறான். எனக்கும் தொற்றிக்கொண்டது. மரீனா அக்கா வந்து எட்டிப்பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு போனாள். இரண்டு கிண்ணம் கறி சாப்பிட்டான்.

ஜூன் 20

மேல்முறையீடு செய்யலாம் என்கிறார் வக்கீல். "வேணாம் சாமி. பெரியவரை மறுபடி கூப்பிடச் சொல்வாங்க" என்று அண்ணன் கும்பிட்டுவிட்டு வந்தான்.

ஜூன் 24, புனித ஜுவான் திருநாள்

ஊருக்குப் புறப்படுகிறோம். எங்கள் சாமான்களை ஏற்ற ஆந்தோன் வண்டி கொண்டுவந்திருந்தான். அண்ணனுக்குப் பயந்து வாசலைத் தாண்டவில்லை, கோவேறுக்கழுதை மேல் இல்லாத ஈயை ஓட்டிக்கொண்டு நின்றான். நான் உள்ளே பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் வெளியே போனான். காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்ன மாப்ளே, வெளியவே நிக்கிறீங்க. வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஏத்தலாம்."

கயிற்றை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினேன். முடிச்சு விழவே இல்லை.