ஷம்ஷாத் பேசாமல் இருக்க மாட்டாளாம்

பெருமாள்மலை,
16-8-1937.

என் கண்ணான மகன் ஒலியுல்லாவுக்கு உன் அம்மா ரோஷன் பேகம் ஆயிரம் துஆவோடு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் நீ உடம்பு சுகத்தோடும் ஈமானோடும் இருக்க வேண்டும் என்று ரெண்டு கையையும் ஏந்திக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்தபடியாக எழுத வேண்டும், ஆனால் இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை.

எழுத்தைப் பார்த்ததுமே நீ பயந்திருப்பாய். இது உன் தங்கச்சி எழுத்து இல்லை, என் எழுத்து. சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் கற்ற அரபு எழுத்தில் நம் தமிழை எழுதுகிறேன், நீயும் மதரஸாவில் படித்ததுதான், மறந்திருந்தால் எழுத்துக் கூட்டியாவது நீயே படி, அடுத்தவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. உன் அத்தா மவுத்தாகி மூன்று வருஷமாக நான் சொல்லச் சொல்ல ஷம்ஷாத்தான் உனக்கு எழுதினாள். ஒவ்வொரு கடிதத்திலும் "ஷம்ஷாத் நல்ல சுகம், நோய் நொடி ஒன்றும் இல்லை" என்று நான் சொல்வேன், அவளும் தலை நிமிராமல் அப்படியே எழுதுவாள். அவளைப் பற்றிய பொய்யை அவள் கையாலேயே எழுத வைத்தேன். போன வாரம் வந்த உன் கடிதத்தையும் அவள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள். நீ அங்கே உன் தங்கச்சிக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை பிச்சை முகம்மது அவளுக்கு உடம்பு எப்படி என்று கேட்டதற்கு, "எங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தலைவலி கூட வந்ததில்லை" என்று நீ சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நிறுத்தினாள். பிறகு கடிதத்தை மடித்து என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். உன்னை நான் குறை சொல்லவில்லை மகனே. உன் வாயில் அந்தப் பொய்யை வைத்தவள் நான்.

அவளுக்கு வலிப்பு இருக்கிறது. எழுதிவிட்டேன். இந்த வார்த்தையை மூன்று வருஷமாக நான் வாயால் கூடச் சொன்னதில்லை, "அது" என்றுதான் சொல்லுவேன். உன் அத்தாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள், நீ கொழும்புக்குத் திரும்பிய பிறகு, நம் கடையின் பின்கட்டில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகோடு சாய்ந்தாள். கண் மேலே போய்விட்டது, வாயில் நுரை, கை கால் எல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். பிள்ளையைத் தூக்குகிறதற்கு முன்னால் கதவைச் சாத்தினேன் ஒலியுல்லா. பிறகு தர்காவுக்குப் போனேன், தாயத்துக் கட்டினேன், ஓதிய தண்ணீர் கொடுத்தேன். இரும்பு உடம்பில் பட்டுக்கொண்டே இருந்தால் வராது என்றார்கள், கடைச் சாவிக்கொத்தை அவள் இடுப்பில் கட்டிவிட்டேன். சின்னப் பிள்ளை இவ்வளவு பொறுப்பாகக் கடைச் சாவியை வைத்திருக்கிறாளே என்று வருகிறவர் போகிறவரெல்லாம் மெச்சினார்கள். நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் பங்குனிக்குப் பிறகு ஆடி வரைக்கும் அது வரவே இல்லை. தாயத்துதான் கேட்டது என்று நான் ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுக்காத குறை. அந்தத் தைரியத்தில்தான் நீ எழுதிய சம்பந்தத்துக்குச் சரி என்றேன். உன் மாமா முகம்மது இஸ்மாயிலுக்கு மட்டும் விஷயம் தெரியும், கல்யாணம் ஆனால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும், நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று அவர் சொல்லிவிட்டார். கூடப்பிறந்தவர், இத்தனை நாள் கடையைப் பார்த்துக்கொண்டவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்தேன். ஆனால் நடந்தது வேறு. பதினாறு வயதுப் பிள்ளை யாரிடமும் கேட்காமல், பேரிக்காய் விற்கிற நம் பக்கத்து வீட்டு வடிவு கொடைக்கானல் சந்தைக்குப் போகிற நாளில் அவளோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். வடிவு வீட்டில் காய் பொறுக்கி அடுக்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள். அங்கே இருக்கிற வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் தன் சங்கதியைத் தானே சொல்லி மருந்து வாங்கி, உளுந்துப் பானைக்குள் புட்டியை ஒளித்து வைத்து, வேளை தவறாமல் குடித்து வந்திருக்கிறாள். நாலு மாதம், ஒரே வீட்டில், என் கண்ணுக்கு எதிரில்.

ஆடி மூன்றாம் வெள்ளியன்று பெரியகுளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பார்க்க வருவதாக ஆள் வந்து சொன்னது. பலகாரத்துக்கு உளுந்து எடுக்கப் போன நான் புட்டியைப் பார்த்துவிட்டேன். வேளைக்கு இவ்வளவு என்று காகிதம் வெட்டி ஒட்டிய புட்டி, பாதி இருந்தது. திறந்து பார்த்தால் காரமாக ஒரு நெடி. கேட்டேன். ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை. வருகிற பெண்கள் அடுப்படி வரைக்கும் வருவார்கள், பானையைக் கூடத் திறந்து பார்ப்பார்கள், பார்த்தால் எல்லாம் போச்சு என்று பயந்து, பின்னால் கொண்டுபோய்ப் பேரி மரத்தடியில் ஒரு சொட்டு விடாமல் ஊற்றிவிட்டேன். ஷம்ஷாத் என் கையைப் பிடித்தாள், உதறினேன். "அம்மா, திடீர்னு நிப்பாட்டக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க, நிப்பாட்டினா முன்னைவிட மோசமா வருமாம்" என்றாள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்டும் ஊற்றினேன்.

வந்தவர்கள் பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று, வாயில் சீனி போட்டு ரஜப் பிறை ஏழில் நிக்காஹ் என்று பேசி முடித்துப் போனார்கள். அவர்கள் போன மூன்றாம் நாள் விடிந்ததும் விடியாததுமாக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவளுக்கு வந்தது. ஒன்று விட்டு அடுத்தது, அது விட்டு அடுத்தது. இடது கை முழங்கை வரை நெருப்பில் கிடந்திருக்கிறது, நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். நான் போட்ட சத்தத்தில் வடிவு வந்து, கொழும்புக்கு எழுதியிருக்கிற நோய் நொடி இல்லாத பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். கீழே ரோட்டில் மண் சரிந்து பஸ் வரவில்லை, உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மேலே போன லாரியை மறித்து ஏற்றினோம். அந்த மலைவழி முழுவதும் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, யா அல்லாஹ் இவளை எடுத்துக்கொள்ளாதே, என்னை எடுத்துக்கொள் என்று அழுதேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதல் கேள்வி என்னிடம்தான் கேட்டார், மூன்று வருஷத்தில் எத்தனை தடவை வந்தது என்று. எனக்குத் தெரியவில்லை. படுத்திருந்த பிள்ளை குழறின நாக்கோடு ஒவ்வொன்றாகச் சொன்னாள், எந்த மாதம், எந்தக் கிழமை, எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தாள், எல்லாம். கடைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறாள். ஊருக்குத் தெரியக்கூடாது என்பதிலேயே நான் குறியாக இருந்தேன், பிள்ளை தன் உடம்பைத் தானே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். டாக்டரம்மா சொன்னது இதுதான். மருந்தை நிறுத்தக் கூடாது, வருஷக்கணக்கில் ஆனாலும் குடிக்க வேண்டும். கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் கூட வாழ்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், நெருப்பு, கிணறு இரண்டுக்கும் பக்கத்தில் தனியாக விடக்கூடாது, வந்தால் எப்படிப் படுக்க வைப்பது என்று அவன் அறிந்திருக்க வேண்டும். தெரியாத இடத்துக்கு இவளை அனுப்புவது இவளைக் கொல்வதுதான் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு உன் தங்கச்சி அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். ஒரே ஒரு சங்கதி சொன்னாள். நிக்காஹ் அன்றைக்குப் பெண்ணுக்காகப் பொறுப்பேற்றுப் பேசுகிற வக்கீலும் ரெண்டு சாட்சியும் திரைக்குப் பக்கத்தில் வந்து பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பார்கள் இல்லையா, பெண் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நம் வழக்கம். "அவங்க கேக்கறப்ப நான் பேசாம இருக்க மாட்டேம்மா. எனக்கு வலிப்பு இருக்கு, இது மாப்பிள்ளைக்குத் தெரியுமா, தெரிஞ்சா எனக்குச் சம்மதம், தெரியாட்டி சம்மதம் இல்லன்னு சொல்லுவேன்" என்றாள். அவளுக்குக் கல்யாணம் வேண்டாம் என்று இல்லை ஒலியுல்லா, அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதே. ஒளித்து அனுப்பப்படமாட்டேன் என்கிறாள், அவ்வளவுதான்.

வக்கீலாகத் திரைக்குப் பக்கத்தில் வரப்போவது உன் மாமா. அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. "அவ வாயத் தொறந்தா பொம்பளைங்க எல்லாம் சேந்து குலவை போட்ருவாங்க, யாருக்குக் கேக்கப்போவுது" என்றார். சொல்லிவிட்டு மொச்சை நிறுக்கப் போய்விட்டார். நான் கடைவாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பதின்மூன்று வயதில் நிக்காஹ் ஆனது உனக்குத் தெரியும். வக்கீல் வருகிறார் என்றதும் என் சின்னம்மா என் வாய் கொள்ளாமல் கற்கண்டைத் திணித்துவிட்டாள். மூன்று தடவை கேட்டார்கள். வாய் முழுக்கக் கற்கண்டு, எச்சில் வழிந்தது, நான் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சம்மதம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். உன் அத்தா தங்கமான மனுஷன், அவரோடு நான் நன்றாகத்தான் வாழ்ந்தேன், அது வேறு. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு இத்தனை வருஷம் தெரியாமல் இருந்து, அந்தக் கடைவாசலில்தான் தெரிந்தது.

இப்போது நான் உன் காலைப் பிடிக்கிறதாக நினைத்துக்கொள். நீங்கள் ரெண்டு பேரும் அங்கிருந்து கப்பல் ஏற இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது, மாமா ஜமாஅத்துக்குச் சொல்லிவிட்டார். அந்தப் பையனை உட்காரவைத்து, என் அம்மா என்னிடமும் மறைத்துவிட்டாள் என்று உள்ளதை உள்ளபடி சொல். டாக்டரம்மா சொன்னதையும் சொல், ஒன்றையும் கூட்டாதே, குறைக்காதே. அவன் வேண்டாம் என்றால் போகட்டும். ஊர் என்ன பேசும், இவளை இனி யார் கேட்டு வருவார்கள், உனக்கு அங்கே அவன் முகத்தில் முழிக்க முடியுமா, இதெல்லாம் எனக்கும் தெரியும், தூக்கமில்லாமல் அதையேதான் நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். அவன் சரி என்றால் அல்லாஹ்வின் காவல். சொல்லாமல் மட்டும் கூட்டிக்கொண்டு வந்துவிடாதே. வந்தால், வக்கீல் திரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது அவள் வாய் திறக்கிறதற்கு முன்னால் நான் திறந்துவிடுவேன். குலவை போடுகிறவர்கள் போடட்டும், என் தொண்டை எவ்வளவு பெரியது என்று உன் மாமாவுக்கு இன்னும் தெரியாது.

கை வலிக்கிறது, இவ்வளவு எழுதி எனக்குப் பழக்கமில்லை. தங்கச்சி கைப்புண் ஆறி வருகிறது, தோல் மட்டும் சுருங்கித்தான் இருக்கும் போல. மருந்து மறுபடியும் குடிக்கிறாள், புட்டி இப்போது மாடத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்கிறது. இங்கே நாலு நாளாக மழை, மலையில் ரெண்டு இடத்தில் மண் சரிந்து கிடக்கிறது. நீ அங்கே கண்ட ஹோட்டலில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வை, தொழுகையை விடாதே. இந்த மருந்தின் பெயரை டாக்டரம்மா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன், கொழும்பில் கிடைக்குமா என்று விசாரி. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நேரான புத்தியையும் கொடுக்கட்டும், உண்மையைச் சொல்லும்போது உன் நாக்கைத் திடப்படுத்தட்டும், ஆமீன்.

ஒன்றை மறந்துவிடாதே. பதிலை என் பேருக்கும் போடாதே, மாமா பேருக்கும் போடாதே. ஷம்ஷாத் பேருக்குப் போடு, கேட்க வேண்டியதை அவளிடமே கேள். தபால்காரர் இத்தனை வருஷமாக நம் வாசலுக்கு வருகிறார், அவள் பேருக்கு இதுவரை ஒரு கடிதம் வந்ததில்லை.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா
ரோஷன் பேகம்