கீழே நிற்கிற ஆள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன், என் சுகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் உன் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுகிறது, கைக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை, உள்ளதைத்தான் எழுதும்.

மலக்குடல் புற்றுக்குக் கொடுத்த கதிர் சிகிச்சையில் கட்டி சுருங்கியிருக்கிறதாம், அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. ரோபோதான் வேண்டும் என்று நீ ஒற்றைக் காலில் நிற்கிறாய், மாடி வீட்டு வாத்தியாரோ இயந்திரத்தை நம்பி உடம்பைக் கொடுப்பாங்களா, லேப்ராஸ்கோபியே போதும் என்கிறார், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. டாக்டரிடமே கேட்டேன். இரண்டிலும் சின்னச் சின்னத் துளைதான், குணமாவதிலும் பெரிய வித்தியாசம் இல்லை, லேப்ராஸ்கோபி என்றால் உங்கள் பக்கத்தில் நின்று நீளக் கருவிகளைக் கையால் பிடித்துச் செய்வேன், ரோபோ என்றால் தள்ளி உட்கார்ந்து திரையைப் பார்த்து இயக்குவேன், அதன் கைகள் மணிக்கட்டு மாதிரி வளையும், உங்களுக்கு இடுப்பெலும்பு குறுகல், கட்டியும் அடியில் இருக்கிறது, அதனால் எனக்கு ரோபோ கொஞ்சம் வசதி, நேரம் கூடப் பிடிக்கலாம் என்றார். எதில் செய்தாலும் சில மாதம் மலம் சேர வயிற்றில் ஒரு பை இருக்குமாம்.

தள்ளி உட்கார்ந்து வேலை செய்வது எனக்குப் புதிதா, ஆயுசு முழுக்கத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன். ஆனால் கீழே சைகை காட்ட ஓர் ஆள் நிற்காமல் ஒரு பெட்டியைக்கூட நான் தூக்கியதில்லை. அதனால், நீங்க தள்ளி உக்காந்துட்டா என் பக்கத்துல யாரு நிப்பாங்க என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை, ஒரு உதவி டாக்டர் கடைசி வரைக்கும் உங்க பக்கத்துலயே நிப்பாரு என்றார். சரி, ரோபோவே ஆகட்டும் என்றேன், உன் பிடிவாதம் ஜெயித்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. உன் அம்மா போனதிலிருந்து டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவளும் என்னைக் கேட்டபாடில்லை. நான் கிளம்பி வரட்டுமா என்று நீ கேட்டபோது லீவை வீணாக்காதே என்று வீறாப்பாகச் சொன்னவன்தான் நான். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ், மயக்கம் தெளிஞ்சு கண்ணத் திறக்கும்போது யாரு இருப்பாங்கய்யா என்று கேட்டாள். என் மகள் என்று சொல்லிவிட்டேன். தனியாக இருக்க முடியவில்லையம்மா, என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

பேத்திக்கு முத்தம், மாப்பிள்ளைக்கு என் ஆசி, ஒரு குறையும் அண்டாமல் உன் வீடு தழைக்கட்டும். ஒன்று மறக்காதே, வாசல் பூட்டை மாற்றிவிட்டேன், உன்னிடம் இருக்கிற சாவி சேராது, புதுச்சாவி வாத்தியாரிடம் இருக்கிறது. எந்த நேரத்தில் வந்தாலும் தன்னை எழுப்பச் சொன்னார்.

உன்
கிரேன்கார அப்பா