யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை, உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. மாத்திரையை மறப்பதில்லை, சமையலில்தான் ஒரு நாள் உப்பு இரண்டு முறை விழுகிறது, மறுநாள் விழுவதே இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகியது, நானே வாஷர் மாற்றிவிட்டேன். முப்பத்தொரு வருடம் ஊருக்கே தண்ணீர் திறந்துவிட்டவன் வீட்டுக் குழாய்க்கு ஆள் கூப்பிட்டால் சிரிப்பார்களே என்றுதான் செய்தேன். சிரிப்பதற்குக்கூட இங்கே தெரிந்தவர் யாரும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல நான்கு முறை முயன்றேன், உன் குரலைக் கேட்டதும் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

நேற்று மத்தியானம், அன்று அம்மாவை ஏற்றிப்போக வந்த அந்த ஆம்புலன்ஸ் டிரைவர் வீட்டுக்கு வந்தார். நீ அனுப்பிய புகாரால் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வரும் மாதம் பத்தாம் தேதி விசாரணையாம். சண்டைக்கு வரவில்லை, உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றார். வழியில எங்கயும் வண்டிய நிறுத்தலைங்க ஐயா, பதினேழு பேரைக் கேட்டேன், ஒருத்தருக்கும் உங்க வீடு தெரியல என்றார். அவர் சொன்னது சத்தியம். வண்டி தாமதமாக வந்தது என்று நான் உன்னிடம் சொன்னதும் சத்தியம்தான், ஏன் தாமதம் என்பதைத்தான் முழுங்கிவிட்டேன். நீயாக அவர்மேல் பழியைப் போட்டாய், நான் வாயை மூடிக்கொண்டு அவரை அதைச் சுமக்கவிட்டேன்.

நம் ஊரை நகர விரிவோடு சேர்த்தபோது வீட்டுக்கு வீடு ஒரு நீலத் தகடு கொடுத்தார்கள் அல்லவா, பகுதி எண், தெரு எண், வீட்டு எண் எல்லாம் போட்டு. எல்லோரும் வாசலில் அடித்தார்கள், நான் அடிக்கவில்லை. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு நம்பர் கொடுக்கிறார்களே என்ற வீம்பு. போறவங்க வர்றவங்களுக்குத் தெரிய வேண்டாமா, ரெண்டு ஆணிதானே என்று அம்மா எத்தனை முறை சொன்னாள். பம்ப் ஆபரேட்டர் வீட்டுக்குத் தகடு எதுக்கு, யாரைக் கேட்டாலும் சொல்வாங்க என்பேன். ஆமா, உங்களை இன்னும் ஊரே தேடுது என்று கேலி செய்துவிட்டு விட்டுவிடுவாள். பிடிவாதத்தில் நான் எப்படி என்று அவளுக்குத் தெரியாததா.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பகுதி எண் கேட்டாள், தெரியாது என்றேன். ஊர்ப் பெயரைச் சொன்னேன், அந்தப் பேர்ல எதுவும் வரலைங்க ஐயா என்றாள். நகர விரிவுக்குள்ளேதான் இருக்கிறது, பழைய பம்ப் ஹவுசுக்கு எதிரே மூன்றாவது வீடு, யாரைக் கேட்டாலும் சொல்வாங்க என்று கத்திவிட்டு, போனைக் கூடத்திலேயே வைத்துவிட்டு அம்மாவிடம் ஓடினேன், அவர்கள் திரும்பக் கூப்பிட்டது காதில் விழவில்லை. பம்ப் ஹவுசை இடித்து நான்கு வருடம் ஆகிறது. இடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், இன்று அங்கே கார்கள் நிற்கின்றன. இருந்தும் என் வாயில் அதுதான் வந்தது. டிரைவர் கேட்ட பதினேழு பேரும் குடிவந்து ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆனவர்கள், அவர்களை என்ன குறை சொல்வது. அவர்களில் ஒருவரிடமாவது நான் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா.

சைரன் சத்தம் பின்தெருவில் மூன்று முறை வந்து வந்து போனது. ஓடிப்போய் நிறுத்த நினைத்தேன், அம்மா என் கையை விடவில்லை. வந்துட்டாங்களா என்று கேட்டாள். வந்துட்டாங்க என்றேன். கடைசியில் அம்மாவுக்குப் பழக்கமான, எதிர் மாடியில் துணி தைக்கும் பெண்தான் சத்தம் சுற்றிச் சுற்றி வருவதைக் கேட்டு ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். அதற்குள் அம்மாவின் கை என் கையில் தளர்ந்துவிட்டது. சீக்கிரம் வந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது எனக்காகச் சொன்னது, எனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன வாரம் என் போனின் மேலுறை கிழிந்துவிட்டது என்று மாற்றப் போனேன். உறையின் உள்மடிப்பில் நான்காக மடித்த ஒரு சீட்டு. பகுதி, தெரு, வீட்டு எண் மூன்றையும் அம்மா பெரிய எழுத்தில் எழுதி, அடியில், கண்ணாடி இல்லாவிட்டாலும் தெரியும், கோபப்படாமல் பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. அன்று அந்தப் பெண்ணிடம் நான் கத்தியபோது அது என் உள்ளங்கைக்குள்தான் இருந்திருக்கிறது.

பேத்திக்கு இருமல் என்றாயே, குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே. நீயும் வேலை வேலை என்று காலையில் சாப்பிடாமல் ஓடாதே, அம்மா இருந்தால் இதைத்தான் முதலில் எழுதியிருப்பாள். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு.

இதைப் படித்த உடனே, பத்தாம் தேதிக்கு முன்னால், அந்தப் புகாரைத் திரும்ப வாங்கு. அவருக்கும் பள்ளிக்கூடம் போகும் பெண் இருக்கிறாளாம். காரணம் கேட்டால், அப்பா வழி சொல்லவில்லை என்று என்னைப் போட்டு எழுது. நானும் விசாரணைக்குப் போய் இதையே சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு என்னோடு நீ பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். போனது போச்சுப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே. போனது உன் அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா