பின்னால் ஓடிய ஸ்கூட்டர்

12 நவம்பர் 2008, புதன் இரவு

சிரித்துச் சிரித்து இன்னும் விலா வலிக்கிறது.

தீபாவளி மழையில் நின்றுபோன பேட்டரி ஸ்கூட்டரை நாளைக் காலையில் பழைய இரும்புக்காரருக்குக் கொடுப்பதாக என் வீட்டுக்காரர் பேசி முடித்துவிட்டார். அது போனால் வில்பட்டியிலிருந்து கொடைக்கானல் பேக்கரி வேலைக்கு நான் பஸ்ஸுக்குத்தான் காத்துக் கிடக்க வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் நானே சீட்டைக் கழற்றினேன். டிஸ்ப்ளேவுக்கும், மோட்டாரை ஓட்டுகிற கன்ட்ரோலருக்கும் போகிற கனெக்டர்கள் ஈரத்தில் களிம்பேறிக் கிடந்தன. அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, நிறத்துக்கு நிறம் பார்த்து ஒயர்களை முறுக்கி டேப் சுற்றினேன். சாவியைத் திருப்பினேன். டிஸ்ப்ளே பளிச்சென்று எரிந்தது!

"தள்ளு, நான் ஓட்டிப் பாக்குறேன்" என்று இவர் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினார். வண்டி சர்ரென்று பின்னால் ஓடி, கேரட் பாத்தியில் இவரைச் சாய்த்தது. மங்கிய பல்பு வெளிச்சத்தில் மோட்டாரின் பச்சை ஒயரையும் நீல ஒயரையும் இடம் மாற்றிச் சேர்த்திருக்கிறேன்!

திட்டப்போகிறார் என்று பயந்து நின்றேன். சேற்றில் கிடந்தபடியே சிரிக்கிறார்.

"ஏய் செல்வி, இப்படியே விட்டுரு. தெனமும் பின்னால இழுத்து ரோட்டுல ஏத்துற சோலி மிச்சம்."

"அப்ப இரும்புக்காரருக்கு என்னங்க சொல்றது?"

"நீ வெள்ளனே எந்திரிச்சு ஒயர மாத்திட்டுக் கெளம்பு. வண்டி வேலைக்குப் போயிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."