லேபல் இல்லாத போத்தல்

வியாழன். அவர் கண்ணை மூடி ஐந்தாம் நாள்.
நல்ல காற்று. கொடியில் சீலை நிற்கவில்லை. மாடு கறக்க விடவில்லை.
ஞாயிறு எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். அவருக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டும். மகள் லதா கேட்கக் கேட்கச் சொன்னேன். கணவாய்க் கறி, ஒடியல் கூழ், சுருட்டு, பியர்.
"எந்தப் பியர் அம்மா?"
அதுதான் தெரியவில்லை.
அவர் கப்பல் குசினியில் பதினெட்டு வருஷம் சமையல். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு போத்தல் குடித்துப் பார்ப்பார். லேபலை உரித்து இந்தக் கொப்பியில் ஒட்டுவார். நான் எழுதுவது அதன் கடைசிப் பக்கங்களில்.

வெள்ளி.
தூறல். மா வறுத்தேன்.
இங்கிலீசு வாசிக்க வராது. லேபல் படத்தைப் பார்த்தால் அவர் சொன்னது ஞாபகம் வரும்.
கறுப்பு லேபல்: அயர்லாந்து. தானியத்தைக் கருக வறுப்பார்களாம். "உம்மடை கோப்பி மாதிரிக் கிடக்கும்."
கதிர்ப் படம்: ஜேர்மனி. கோதுமை. கஞ்சித் தண்ணி போலக் கலங்கல்.
பாய்க்கப்பல்: இங்கிலாந்து. அந்த நாளில் இந்தியாவுக்கு ஏற்றினது. வழியில் கெடாமல் இருக்கக் கைப்புக் கூடுதல்.
யன்னல் வைத்த வீடு: பெல்ஜியம். யன்னலைத் திறந்து விட்டால் காற்றே புளிக்க வைக்குமாம். "எங்கடை கள்ளு முட்டிக்குள்ளை ஆரப்பா ஈஸ்ற் போட்டது? அதுபோலத்தான்."
அலுமாரியில், என் சீலைகளுக்குள் ஒரு போத்தல். கடைசிப் பயணத்தில் கொண்டுவந்தது. "எல்லாத்திலையும் இதுதான் திறம். லதான்ரை கலியாணத்துக்கு உடைப்பம்." அன்றைக்கே ஊறப்போட்டு லேபலைக் கழற்றிவிட்டார். அவ்வளவு அவசரம். கொப்பியிலும் வரிசை இல்லை, இடம் கண்ட இடத்தில் ஒட்டினது. எந்த ஊர்ப் போத்தல் என்று சொன்னவர்தான். நான் மறந்துவிட்டேன்.
கலியாணம் கோயில் மண்டபத்தில். போத்தல் கொண்டுபோக ஏலாது. பிறகு பேரன் பிறக்கட்டும் என்றார். பிறந்தான். அப்போதும் உடைக்கவில்லை.

சனி.
கணவாய் கிடைத்தது. சிறிது.
அவருடைய தம்பி சந்திரன் வந்தார். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"மச்சாள், இருபது வருஷத்துச் சாமான். சாராயம் எண்டால் வைக்கலாம், பியர் பழுதாப்போம். ஊர்காவற்றுறையிலை ரெண்டு டின் எடுத்துக்கொண்டு வாறன்."
"எடுத்துக்கொண்டு வாரும். உமக்குக் குடிக்க."
சிரித்தார். பிறகு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார்.
அவருக்குப் படைப்பது கெட்டதாக இருக்கக் கூடாது. வேறு ஒன்றை வைக்கவும் மனம் இல்லை.

ஞாயிறு. எட்டு.
பின்னேரம் படைத்தோம். சந்திரன் தக்கையை இழுத்தார். சின்னச் சத்தம். கொஞ்சம் நுரை. அவர் தேத்தண்ணி குடித்து வந்த பேணியில் ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் முற்றத்தில் நின்றோம், அவர் வந்து சாப்பிட.
கதவைத் திறந்த பிறகு பேணியை எடுத்து வாயில் வைத்தேன். என் வாழ்நாளில் முதல் தரம்.
புளி. பல்லுக் கூசும் புளி.
"பழுதுதானே மச்சாள்?"
யன்னல் வீட்டு லேபலின் புளிப்போ, என் அலுமாரியில் கெட்டு வந்த புளிப்போ. சொல்லக்கூடியவர் ஒருவர்தான்.
"இல்லை. இது இப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.
தெரியாமல்தான் சொன்னேன். பேணியை ஒருவரிடமும் கொடுக்கவில்லை.